விழித்திரை லேசர்: நாற்காலியில் உட்காரும் முன்

சர்க்கரை நோயால் விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்தவர்களுக்குச் செய்யும் லேசர் இது. மங்கிய பார்வையைத் தெளிவாக்க அல்ல, மிச்சமிருப்பதைக் காக்கத்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் போகிறவர்கள்தான் பிறகு ஏமாற்றமடைகிறார்கள்.

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும். பிறகு மரக்கச் செய்யும் சொட்டு. கருவிழிமேல் ஜெல் தடவிய லென்ஸ். தாடையையும் நெற்றியையும் கருவியில் அழுத்தி வையுங்கள். தலையைப் பின்னால் இழுத்தால் குறி தவறும்.

பச்சை ஒளி பளிச் பளிச்சென அடிக்கும். ஒவ்வொரு பளிச்சும் விழித்திரையில் விழும் ஒரு சிறு சூடு. ஒரு கண்ணுக்கு வழக்கமாக 1200 முதல் 1600 சூடுகள், பெரும்பாலும் சில அமர்வுகளாகப் பிரித்து. சொட்டு மருந்து கண்ணின் மேற்பரப்பை மட்டுமே மரக்கச் செய்யும். நரம்பு ஓடும் பக்கவாட்டு இடங்களில் சூடு விழும்போது ஆழத்தில் சுருக்கென்று வலிக்கும். பொறுத்துக்கொண்டு நெளிவதைவிட வாய்விட்டுச் சொல்லுங்கள். லேசரின் சக்தியைக் குறைக்கலாம், ஊசி போட்டும் மரக்கச் செய்யலாம்.

முடிந்ததும் சில நிமிடங்கள் இருட்டாகவே தெரியும். அன்று வண்டி ஓட்டாதீர்கள். ஓரப் பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் நிரந்தரமாகவே குறையலாம்; ஆக்ஸிஜனுக்குத் தவிக்கும் ஓரத் திசுவைப் பலி கொடுத்துத்தான் நடுப்பார்வையைக் காக்கிறோம். விழித்திரையின் மையத்தில் வீக்கம் கூடி, சில வாரங்கள் எழுத்து மங்குவதும் உண்டு.

புதுக் குழாய்கள் சுருங்க வாரங்களாகும். அதற்குள் ரத்தம் கசியலாம். திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை இறங்குவதுபோல் மறைத்தாலோ அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.