ஜன்னல் திறந்திருந்த பதிவு

நேற்றிரவு தம்பி பியானோவில் இரண்டு ஸ்வரங்களை அழுத்தி, பெடலை மிதித்தபடி அப்படியே விட்டுவிட்டான். சரியாக அந்த நேரம் கொழும்பு வெள்ளவத்தைக் கரையோரம் ரயில் போனது. ஜன்னல் திறந்தே கிடந்தது. பதிவை நிறுத்தவில்லை.

இன்று காலை கேட்டால், ரயில் இரைச்சல் தேய்ந்து கடலுக்குள் போகிற இடத்தில்தான் முழு இசையும் மூச்சு விடுகிறது!

அங்கேதான் என் லாப் ஸ்டீல் கிற்றார் நுழைகிறது. மடியில் கிடத்தி வாசிக்கிற வாத்தியம் இது. இடது கையில் வழுவழுப்பான உருக்குத் துண்டு, கம்பியை அழுத்தாமல் தொட்டுக்கொண்டே நகர வேண்டும், மயிரிழை தள்ளினாலும் சுருதி பிசகும், அதனால் கை லேசாக அசைந்தபடி இடத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். அந்தத் தேடல் ஒலியிலும் கேட்கிறது.

பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே எதுவும் இல்லை. நான் அந்த நடுவில்தான் குடியிருக்கிறேன்.

ஸ்வரத்தை வளைத்து அசைக்கும் வீணைக் கமகம் கேட்டு வளர்ந்த அம்மா எட்டிப் பார்த்து, "இது பாடுதடா" என்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாயில் பிறந்த வாசிப்பு முறை. அதுவும் தீவுதான், அங்கும் அலைச்சத்தம்தான்.

இன்றிரவும் ஜன்னலைச் சாத்தப் போவதில்லை.