பழனியில் அவனுக்காக ஒரு மொட்டை

வேண்டிக்கொண்டவன் அவன், என் ஹாஸ்டல் நண்பன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கடைசி அரியர் தேறிவிட்டால் பழனியில் மொட்டை என்றான், தேறினான், அப்புறம் இண்டர்வியூவுக்கு முடி வேண்டும், பெண் பார்க்கப் போகணும் என்று தள்ளிக்கொண்டே வந்தான், கடைசியில் மஞ்சள் காமாலை முந்திக்கொண்டது. வருஷத் திதி முடிந்து, மலையேறலாம் என்றானதும் அவன் அம்மா ஒட்டன்சத்திரத்திலிருந்து போன் செய்தார்கள். "முருகன்கிட்ட பாக்கி வைக்கக் கூடாது கண்ணு, நீ வந்து எடுத்துரு."

அடிவாரத்தில் கால் வைத்ததுமே குதிரை வண்டிக்காரர், தட்டுக்காரர், "நேரா சன்னதிக்கே கூட்டிட்டுப் போறேன்" என்று தோளைத் தொடும் புரோக்கர். முருகனைப் பார்க்க வந்தவனிடம் இவர்கள் படுத்தும் பாட்டை அந்த முருகன்தான் கேட்க வேண்டும்.

மொட்டை போட்டு முடித்ததும் அம்மாவே சந்தனம் குழைத்துப் பூசிவிட்டார்கள். உச்சிக்கு வந்த விரல் அப்படியே நின்றது. "அவனுக்கு ரெட்டைச் சுழிப்பா, உனக்கு ஒத்தைதான்." அதற்கு மேல் பேசவில்லை.

திருஆவினன்குடியில் கும்பிட்டுவிட்டு அம்மாவை விஞ்சில் அனுப்பினேன், நான் 693 படியும் ஏறினேன். இடும்பன் சன்னதி வரை அவன் நினைப்புதான். ஊருக்குப் போனால் பஞ்சாமிர்த டப்பாவோடுதான் ஹாஸ்டலுக்குத் திரும்புவான், திறந்த கால் மணி நேரத்தில் நாங்கள் வழித்துவிடுவோம். எனக்குப் பரீட்சைப் பணம் கட்ட வழியில்லாதபோது கழுத்துச் செயினை அடகு வைத்தவன், அதை மீட்டதைக்கூட என்னிடம் சொல்லவில்லை.

ராஜ அலங்கார நேரம், மூச்சுவிட இடமில்லை. குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டார். அம்மா அவன் பெயரின் முதல் எழுத்தைச் சொல்லி, சட்டென வாயை மூடிக்கொண்டார்கள். இறந்தவன் பேருக்கு அர்ச்சனை ஏது? "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன். கிரீடமும் மாலையுமாக நின்ற தண்டாயுதபாணியை நிமிர்ந்து பார்த்தால் கண்ணீரில் ஒன்றுமே தெரியவில்லை, கேட்க வந்ததும் மறந்துபோனது. முருகா, கொஞ்ச காலமானாலும் அவனை எங்களோடு படிக்க வைத்தாயே, எந்தப் புண்ணியத்துக்கு எனக்கு அப்படியொருத்தன், கடனையும் என் தலையிலேயே வாங்கிக்கொண்டாயே அப்பனே என்று என்னென்னவோ உளறினேன். பின்னாலிருந்து "நகருங்க, நகருங்க" என்று தள்ளிவிட்டார்கள்.

போகர் சன்னதியில் உட்கார்ந்தபோது, அடுத்த தைப்பூசத்துக்கு நடந்தே வருகிறேன் என்று நானும் வேண்டிக்கொண்டதைச் சொன்னேன். அம்மா முறைத்தார்கள்.

"நீயாவது தள்ளிப்போடாம வந்து சேரு."