நாற்றங்கால் கல்லூரிகள்

2025 ஏப்ரல் 7, சான் அன்டோனியோ. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான ஆண்கள் கூடைப்பந்து இறுதியாட்டம். 2 புள்ளி பின்தங்கியிருந்த ஹூஸ்டனின் இமானுவல் ஷார்ப், கடைசி நொடிகளில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தோடு எம்பினார். எதிரே ஒருவர் பாய்ந்து வருவதைப் பார்த்ததும் எறியாமல் பந்தைக் கீழே விட்டுவிட்டார். தானே திரும்பத் தொட்டால் டிராவலிங் என்ற தவறு. பந்து தரையில் குதித்துக்கொண்டே இருக்க, நேரம் முடிந்துபோனது. ஃப்ளோரிடா 65, ஹூஸ்டன் 63.

பாய்ந்து வந்தவர் வால்டர் கிளேட்டன். அதற்குச் சற்று முன், 46 நொடி மிச்சமிருக்கும்போது இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு ஃப்ளோரிடாவை முன்னே கொண்டுபோனவர் அலைஜா மார்ட்டின். அன்று அந்த அணியில் அதிகபட்சமாக 18 புள்ளி எடுத்தவர் வில் ரிச்சர்ட். மூன்று பேருமே ஃப்ளோரிடாவில் ஆடத் தொடங்கியவர்கள் இல்லை. கிளேட்டன் நியூயார்க் பக்கம் இருக்கும் அயோனாவிலிருந்து வந்தவர், மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, ரிச்சர்ட் நாஷ்வில்லில் உள்ள பெல்மான்ட்டிலிருந்து. நாற்று விட்டது ஓரிடம், அறுவடை இன்னோரிடம்.

கல்லூரி வீரர்களுக்கு விளம்பரப் பணம் அனுமதிக்கப்பட்டபோது இரண்டு ஜோசியம் சொன்னார்கள். பணக்காரக் கல்லூரிகள் எல்லாக் கோப்பையையும் வாங்கிவிடும் என்றது ஒரு தரப்பு. திறமை நாலாபக்கமும் பரவி போட்டி கூடும் என்றது இன்னொன்று. இரண்டுமே பலித்தன, ஆனால் வேறு வேறு மாடிகளில். மேல்மாடியில் போட்டி கூடியது. கீழ்மாடி காலியாகிக்கொண்டிருக்கிறது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ பல பத்தாண்டுகளாக வீரர்களுக்கு ஸ்காலர்ஷிப்பைத் தாண்டிக் காசு கூடாது என்று பிடிவாதமாக நின்றது. தன் உருவத்தை வீடியோ கேமில் பார்த்த முன்னாள் கல்லூரிக் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன் 2009இல் வழக்குப் போட்டார். 2019இல் கலிஃபோர்னியா வீரர்களுக்கு விளம்பரக் காசை அனுமதித்துத் தனிச்சட்டம் கொண்டுவந்தது. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு படிப்பு சம்பந்தப்பட்ட உதவிகளைப் பற்றியதுதான். ஆனால் இனி எந்த வழக்கிலும் தாக்குப்பிடிக்க முடியாது என்று என்சிஏஏவுக்குப் புரிந்துவிட்டது. பத்தே நாளில், ஜூலை 1 முதல், பெயர், உருவம், சாயல் மூன்றையும் வைத்து வீரர்கள் சம்பாதிக்கலாம் என்று அறிவித்தது. அதுதான் என்ஐஎல்.

இந்தக் கதையில் பலரும் விட்டுவிடும் தேதி ஒன்று உண்டு. அதே 2021 ஏப்ரலில்தான், கல்லூரி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும் என்ற விதியை, முதல் முறை மாறுபவர்களுக்கு என்சிஏஏ தளர்த்தியது. 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. காசு மட்டும் வந்திருந்தால் இவ்வளவு புரட்டிப் போட்டிருக்காது. காசும், மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் கைகோத்ததில்தான் ஒவ்வொரு வீரரும் வருடாவருடம் ஏலத்துக்கு வருபவராக ஆனார்.

அசல் விளம்பர ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டால் போலி எது என்று தெரிந்துவிடும். அதில் வேலை எண்ணிக்கையில் எழுதப்பட்டிருக்கும்: இத்தனை இன்ஸ்டாகிராம் பதிவு, இத்தனை மணி நேரம் கடைத் திறப்பு, வீடியோவை இத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பது வரை. போட்டி நிறுவனத்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்ற தனியுரிமைப் பிரிவு இருக்கும். பையன்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். கல்லூரிக்கு நைக்கியோடு ஒப்பந்தம் இருக்கும்போது, அணி நிகழ்ச்சிகளில் வேறு ஷூ பிராண்டைக் காட்ட முடியாது. கல்லூரியின் லோகோவையோ ஜெர்சியையோ விளம்பரத்தில் காட்ட வேண்டுமானால் தனி லைசென்ஸ் வேண்டும். காசு வாங்கிப் போட்ட பதிவில் அது விளம்பரம் என்று சொல்லியே ஆக வேண்டும். பயன்பாட்டு உரிமைக்குக் காலவரம்பு எழுதாமல் விட்டால், பையன் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல் போன பிறகும் அதே கம்பெனி அவன் முகத்தை இலவசமாகப் போட்டுக்கொண்டிருக்கும்.

வரிக் கணக்கும் உண்டு. 50,000 டாலர் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட்டுக்கு 15% என்றால் 7,500 போய்விடும். (என்எஃப்எல் ஆட்ட ஒப்பந்தத்தில் ஏஜென்ட் 3 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. கல்லூரி ஏஜென்ட்டுகளுக்கு அப்படி ஒரு கடிவாளம் கிடையாது.) மிச்சமுள்ள 42,500க்கு சுயதொழில் வரி மட்டுமே சுமார் 6,000. வருமான வரி அதற்கு மேல் தனி. யாரும் பிடித்துக்கொண்டு தரமாட்டார்கள். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நாலு தவணையாக அவனே கட்ட வேண்டும். கட்டாமல் காரை வாங்கிவிட்டு அடுத்த ஏப்ரலில் முழிப்பது வழக்கமான கதை. ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகையிலும் இந்த வருமானம் கைவைக்கும்.

இப்படி நிஜமாகவே சரக்கு விற்றுக் கொடுத்துச் சம்பாதித்தவர்கள் உண்டு. லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜிம்னாஸ்ட் ஒலிவியா டன், அயோவாவின் கூடைப்பந்து வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் போன்றவர்களுக்குப் பின்தொடர்பவர்கள் இருந்தார்கள், கம்பெனிகள் தேடி வந்தன. கிளார்க்குக்கு பெண்கள் தொழில்முறை லீகான டபிள்யூஎன்பிஏவில் முதல் வருட அடிப்படைச் சம்பளம் 76,535 டாலர். அதைவிட எவ்வளவோ அதிகமான விளம்பரக் காசு கல்லூரியிலேயே அவருக்கு வந்துகொண்டிருந்தது. சந்தை தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான். இவர்களால் எந்தப் போட்டியும் கெடவில்லை.

கெடுத்தது, அல்லது மாற்றியது, கலெக்டிவ் என்ற ஏற்பாடு. பழைய மாணவர்களும் ரசிகர்களும் பணம் போட்டு ஒரு நிதியைத் தொடங்குவார்கள். அது வீரரோடு 'விளம்பர' ஒப்பந்தம் போடும். அவர் இரண்டு ஆட்டோகிராஃப் நிகழ்ச்சிக்கு வந்தால் போதும், பல லட்சம் டாலர். ஃபுட்பாலில் எதிரணி ஆட்களைத் தடுக்கும் லைன்மேனின் முகத்தை வைத்து எந்த ஊரில் எதை விற்க முடியும்? அவன் அந்த அணிக்கு ஆடுவதற்கான கூலிதான் அது. பல கலெக்டிவ்கள் தர்ம ஸ்தாபனமாகப் பதிந்து நன்கொடைக்கு வரிவிலக்கும் காட்டின. இதில் பெரும்பாலானவை தர்மக் கணக்கில் வராது என்று 2023இல் வருமானவரித் துறை குறிப்பே வெளியிட்டது. பணம் காட்டி வீரர்களை இழுப்பதை என்சிஏஏ தடுக்கப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் டென்னசி கூட்டாட்சி நீதிமன்றம் அந்தத் தடையையும் நிறுத்திவைத்தது.

நம்மவர்களுக்குத் தெரிந்த எஃப்-1 மாணவர் விசா இங்கேயும் வந்து நிற்கிறது. சென்னையில் பள்ளி படித்த சோம்தேவ் தேவ்வர்மன் 2007, 2008 இரண்டு வருடமும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக என்சிஏஏ ஒற்றையர் டென்னிஸ் பட்டம் வென்றார். அன்று யாருமே விளம்பரத்தில் நடிக்க முடியாது. இன்று பக்கத்து அறை அமெரிக்கப் பையன் நடிக்கலாம், எஃப்-1இல் வந்தவன் முடியாது. அமெரிக்க மண்ணில் விளம்பரத்துக்காகச் செய்யும் வேலை, அனுமதியில்லாத வேலையாகக் கருதப்பட்டு விசாவுக்கே ஆபத்தாகலாம். கென்டக்கியின் காங்கோ வீரர் ஆஸ்கர் ஷிப்வே 2022இல் அணி பஹாமாஸ் போனபோது அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். சட்டத்தின் ஓட்டை இவ்வளவு அழகாக அமைவது அபூர்வம்.

2025 ஜூன் 6 அன்று, வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்ற பிறகு, கல்லூரியே நேரடியாக வீரருக்குக் காசு தரலாம் என்றானது. 2025-26க்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். பழைய வீரர்களுக்கு நஷ்டஈடாகப் பத்து வருடத்தில் சுமார் 280 கோடி டாலர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதிதாகக் கூட்டும் ஸ்காலர்ஷிப்புகளில் 25 லட்சம் வரை இந்த வரம்புக்குள்ளேயே கழியும். மிச்சம் 1 கோடியே 80 லட்சம். பல பெரிய கல்லூரிகள் பின்பற்றும் பங்கீடு இது: அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு 75%, ஆண்கள் கூடைப்பந்துக்கு 15%, பெண்கள் கூடைப்பந்துக்கு 5%, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 5%. ஃபுட்பாலுக்கு 1 கோடியே 35 லட்சம் வருகிறது. அணியில் 105 பேர் இருக்கலாம், ஆளுக்குச் சராசரி 1,28,000 சொச்சம். ஆனால் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஒருவரே பத்து லட்சத்துக்கு மேல் கேட்பார். மிச்சத்தைத்தான் மற்றவர்கள் பிய்த்துக்கொள்ள வேண்டும். நீச்சல், டென்னிஸ், தடகளம் எல்லாம் சேர்ந்து அந்த 9 லட்சத்துக்குள் அடக்கம்.

உச்சவரம்பு எல்லாருக்கும் ஒன்று என்றால் ஆட்டம் சமமாகிவிடுமே என்று தோன்றும். ஆகாது. முதலாவது, அது உச்சிதான், அடித்தளம் இல்லை. எல்லாராலும் தொட முடிவதில்லை. இரண்டாவது, வெளி விளம்பரங்கள் வரம்புக்குள் வராது. 600 டாலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு வெளி ஒப்பந்தத்தையும் ஐந்து வேலைநாளுக்குள், டெலாய்ட் நடத்தும் என்ஐஎல் கோ என்ற தளத்தில் பதிய வேண்டும். கொடுப்பவர் கல்லூரியோடு தொடர்புடையவர் என்றால் இரண்டு கேள்வி: நிஜமான வியாபார நோக்கம் உண்டா, தொகை சந்தை மதிப்புக்குள் இருக்கிறதா. கலெக்டிவ்களுக்கு வியாபார நோக்கமே இல்லை என்று 2025 ஜூலையில் இதைக் கண்காணிக்கும் அமைப்பு சொன்னது. வீரர்கள் தரப்பு வழக்கறிஞர்கள் எதிர்த்ததும் அதே மாதக் கடைசியில் அதைத் தளர்த்தியது. இப்போது கல்லூரிக்கு ஏற்கெனவே ஸ்பான்சராக இருக்கும் கம்பெனிகளிடமே வீரருக்கும் ஒரு விளம்பரம் கேட்டு வாங்குகிறார்கள். பாத்திரம்தான் மாறியது, உள்ளே இருப்பது அதே காசு.

என்எஃப்எல்லில் சம்பள வரம்பு நிற்கிறதே என்றால், அங்கே வீரர் சங்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறது. புதிய வீரர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் டிராஃப்டில் மோசமான அணிக்கு முதல் தேர்வும் கிடைக்கிறது. கல்லூரியில் சங்கமும் இல்லை, டிராஃப்டும் இல்லை. கூட்டுப் பேரம் இல்லாமல் போடும் எந்த வரம்பையும் ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தைக் காட்டி யாராவது நீதிமன்றத்தில் உடைக்கலாம்.

அப்படியிருந்தும் மேல்மாடியில் போட்டி கூடியது எப்படி? முன்பு அலபாமா ஃபுட்பால் அணியில் மூன்றாம் வரிசையில் காத்திருந்த பையன் அங்கேயே காத்திருப்பான். 2009 முதல் 2020 வரை அலபாமா ஆறு பட்டம் வென்றதற்கு அந்த ஆழமும் ஒரு காரணம். இன்று அவனுக்கு வேறொரு கல்லூரி இடமும் தரும், காசும் தரும். உட்கார்ந்திருப்பதன் விலை ஏறிவிட்டது. 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி என்றிருந்த இண்டியானாவுக்கு கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்தார். தன் பழைய ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 பேரைக் கூட்டிவந்தார். அடுத்த வருடமே 11-2. 2025இல் பெர்க்லியிலிருந்து வந்த ஃபெர்னாண்டோ மென்டோசா சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்க, அணி தோல்வியே இல்லாமல் தேசியப் பட்டம் வென்றது. பத்து வருடம் முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். காசு வெற்றிக்கு உத்தரவாதமும் இல்லை: 2024இல் சுமார் 2 கோடி டாலரில் கட்டிய ஒஹையோ ஸ்டேட், பட்டம் வென்றாலும், அதற்கு முன் சொந்த மைதானத்தில் சுமாரான மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது.

ஆனால் அந்த 13 பேர் போன பிறகு ஜேம்ஸ் மேடிசனில் என்ன மிஞ்சியது என்பதும் கணக்கில் சேர வேண்டும். 2022 கூடைப்பந்துப் போட்டியில், தன் பிரிவின் 16 அணிகளில் 15ஆவது இடத்தோடு வந்து கென்டக்கியைக் கவிழ்த்து கடைசி எட்டுவரை போனது செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரி. சீசன் முடிந்ததும் கோச் சீட்டன் ஹாலுக்குப் போனார், முக்கிய வீரர்கள் ஆளுக்கொரு திசையில் கலைந்தார்கள். 2025 போட்டியில் கடைசி 16 அணிகளும் எஸ்இசி, பிக் டென், பிக் 12, ஏசிசி என்ற நான்கே பெரிய கூட்டமைப்புகளிலிருந்து வந்தவை. அதே போட்டிக்குத் தகுதி பெற்று முதற்சுற்றுக்கு முன்பே வெளியேறிய பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ், சில நாளிலேயே, ஸ்காலர்ஷிப்பே இல்லாத மூன்றாம் பிரிவுக்கு இறங்கப்போவதாக அறிவித்தது. கலிஃபோர்னியாவில் கால் பாலி என்ற கல்லூரி தன் நீச்சல் அணியைக் கலைத்தது.

ஐரோப்பியக் கால்பந்தில் ஒரு வீரர் பெரிய கிளப்புக்கு விற்கப்பட்டால், 12 முதல் 23 வயதுவரை அவரை வளர்த்த கிளப்புகளுக்கு மாற்றுத்தொகையில் 5% பிரித்துக்கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. சின்ன கிளப்புகள் பல அதில்தான் ஓடுகின்றன. கிளேட்டனை இரண்டு வருடம் வளர்த்த அயோனாவுக்கு அப்படி ஒரு டாலர்கூட வராது.

பெரிய கல்லூரிகள் மட்டும் இப்போது விழித்துக்கொண்டன. வீரரோடு போடும் ஒப்பந்தத்தில், பாதியில் போனால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதுகிறார்கள். மிசௌரிக்கு மாறிய ஃபுட்பால் வீரர் டேமன் வில்சனிடம் 3,90,000 டாலர் கேட்டு, அவருடைய பழைய கல்லூரியான ஜார்ஜியா நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. வரும் நாட்களில் வில்சன் போன்ற ஒருவரைக் கூப்பிடும் கல்லூரி அந்தத் தொகையையும் சேர்த்தே பேரம் பேசும், அதாவது பெயர் சொல்லாத மாற்றுத்தொகை. ஆனால் இந்தப் பிரிவை எழுத, முதலில் வீரருக்குக் கொடுக்கக் கல்லூரியிடம் காசு இருக்க வேண்டும். கிளேட்டனுக்கு ஸ்காலர்ஷிப்பை மட்டும் தந்த அயோனா எதைத் திருப்பிக் கேட்கும்?