உள்ளறைக் கூரை: பழைய வீடு வாங்கும் முன் சில நாட்கள்

ஜூன் 4

வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். விசாலமான அறைகள், நல்ல காற்று. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எனக்கு ஒரே ஓர் உறுத்தல். மற்ற அறைகளின் கூரை மங்கிக் கிடக்க, உள்ளறைக்கு மட்டும் புது வெள்ளை. "சும்மா பளிச்சென்று இருக்கட்டும் என்று அடித்தேன்" என்றார் வீட்டுக்காரர். அந்த அறையில்தான் அவருடைய அம்மா கட்டிலில் படுத்திருந்தார். மாடியைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 7

ராத்திரி நல்ல மழை. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று விடிந்ததும் போய் மாடி ஏறினேன். ஒரு மூலையில் பாய் விரித்த அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருக்கிறது; வடிகுழாயோ எதிர்மூலையில். 100 அடிக்கு 1 அடியாவது சரிவு வேண்டும், இங்கே பாதித் தளம் மட்டமாகக் கிடக்கிறது. கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடம் நெடுக விரிசல். கீழே வந்து பார்த்தால், உள்ளறையில் புது வெள்ளையையும் மீறிப் பழுப்பு வளையம். ஆனால் அது தண்ணீர் தேங்கிய இடத்துக்கு நேர் கீழே இல்லை, ஆறேழு அடி தள்ளி. தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி, உள்ளே பக்கவாட்டில் ஓடி, வேறிடத்தில் தலை காட்டும். கறையை மட்டும் பார்த்துப் பழுது பார்த்தால் வீண்தான்.

ஜூன் 10

கட்டடப் பொறியாளர் வந்தார். சிறு சுத்தியலால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். மற்ற அறைகளில் கணீரென்ற சத்தம். உள்ளறையில் ஓரிடத்தில் பொத்தென்று கேட்டது. வீட்டுக்காரர் சம்மதத்தோடு அங்கே பூச்சைப் பெயர்த்தார். கம்பி துருப்பிடித்துப் பொருக்காக உதிர்ந்தது.

"ஒழுகுவதை நிறுத்திவிடலாம் சார். கம்பி எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி" என்றார்.

கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைக் காக்கிறதாம். காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி அதைக் குறைத்துவிடும். அப்புறம் ஈரம் பட்டாலே துரு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பெயர்த்த இடத்தில், காரம் இருக்கிறதா என்று காட்டும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தார். காரம் இருந்தால் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். கம்பி வரைக்கும் நிறமே வரவில்லை.

புறப்படும் முன் வீட்டுக்காரரிடம் அவர் சொன்னது: "முதலில் அம்மா கட்டிலை இங்கிருந்து எடுங்கள்."

ஜூன் 14

வடிகுழாய் வாயை அடைத்து, மாடியில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வைத்தோம். பாரம் தாங்குமா என்று பயந்தேன். சதுர மீட்டருக்கு 25 கிலோதான் என்றார் பொறியாளர். உள்ளறையில் இரண்டு இடங்களில் சொட்டியது. மற்ற அறைகள் காய்ந்தே இருந்தன. பெரிய நிம்மதி.

ஜூன் 18

வீட்டுக்காரர், "மேலே நீர்க்காப்புப் பூச்சு அடித்துத் தருகிறேன், விலையைக் குறைக்காதீர்கள்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மேலே பூசினால் கீழே கம்பியில் துரு போகாது. தளர்ந்த கான்கிரீட்டை உடைத்து, கம்பியைச் சுற்றிலும் சுத்தம் செய்து, மெலிந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்து அடைக்க வேண்டும். சரிவும் நீர்க்காப்பும் அதற்குப் பிறகுதான். விற்கிற அவசரத்தில் யாரும் இதைப் பொறுமையாகச் செய்ய மாட்டார்கள். செலவை விலையில் கழியுங்கள், வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பொறியாளரின் அறிக்கையையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், போன வருடம் அங்கே பூச்சு விழுந்ததைச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. பயந்துபோய் மறைத்திருக்கிறார்.

ஜூன் 21

விலை ஒத்துவந்தது. கூரையின் நிலையையும் கழித்த தொகையையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிவிட்டேன். கையெழுத்துக்கு நாள் பேசப் போனபோது கட்டில் கூடத்துக்கு வந்திருந்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.