பழைய ஃப்ரிட்ஜில் ஒரு பீர் குழாய்

காய்கறிப் பெட்டி உடைந்து, கதவுத் தட்டுகளும் போன ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று எங்கள் வீட்டில் சும்மா நின்றது. கம்ப்ரசர் மட்டும் அருமையாக ஓடியது. பீர் கெக், அதாவது பீர் நிரப்பிய உலோகப் பீப்பாய் வைக்க அதுவே போதும். ஆனால் கதவு ரப்பரைப் பார்த்துவிட வேண்டும். ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தேன். இறுகப் பிடித்துக்கொண்டது. சரி, வேலையைத் தொடங்கலாம் என்று முடிவு செய்தேன்.

19 லிட்டர் கெக் நிரம்பினால் 23 கிலோவைத் தாண்டும். கண்ணாடித் தட்டு தாங்காது. தட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டு, அடியில் கனமான பலகை போட்டு, அதன் மேல் நிறுத்தினேன்.

அடுத்து, பீர் குழாயை மாட்ட ஓட்டை. இதில் அவசரமே கூடாது. பல ஃப்ரிட்ஜ்களில் பக்கவாட்டுத் தகட்டுக்கு உள்ளே குளிரூட்டும் கேஸ் ஓடும் மெல்லிய குழாய்கள் இருக்கும். கம்ப்ரசர் ஓடும்போது கையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் வெதுவெதுப்பாக இருக்கும். அதில் ட்ரில் இறங்கினால் ஃப்ரிட்ஜின் கதை முடிந்தது. அதிலும் ஆர்600ஏ கேஸ் என்றால் தீப்பற்றக்கூடியது. மேலே இருக்கும் ஃப்ரீசர் பெட்டியைச் சுற்றியும் கேஸ் ஓடுகிறது, அதையும் வளைக்கக் கூடாது. அதனால் நான் கதவைத் தேர்ந்தெடுத்தேன். கதவில் கேஸ் குழாய் கிடையாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயின்ட் உரியாமலிருக்க டேப் ஒட்டி, 25 மி.மீ. ஹோல் சா (வட்டமாக ஓட்டை போடும் ரம்பம்) கொண்டு மெதுவாக இறக்கினேன். முதலில் தகடு கிறீச்சிட்டது, அப்புறம் மஞ்சள் ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்தது, கடைசியில் உள்பக்க பிளாஸ்டிக் வெள்ளைச் சுருளாக வந்தது. பீர் குழாயின் தண்டு கச்சிதமாக உட்கார்ந்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

கெக்கிலிருந்து பீரைத் தள்ளுவது கார்பன் டை ஆக்சைடு வாயு. அதன் சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். சாய்ந்தால் உள்ளே இருக்கும் திரவம், வாயு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குள் போய்விடும். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். சின்ன மூடிய அறையில் இந்த வாயு கசிந்து சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஜன்னல் உள்ள இடமாகப் பார்த்து வையுங்கள்.

இனி நுரை. வீட்டில் கெக் வைத்த எல்லோரும் புலம்புவது இதைப் பற்றித்தான். நுரை வந்ததும் பலர் ரெகுலேட்டரைத்தான் குறைக்கிறார்கள். உடனே நுரை அடங்கும், ஆனால் நாளாக ஆக பீர் சப்பென்று ஆகிவிடும். பீரில் கரைந்த வாயு குளிரில் அடங்கிக் கிடக்கும். சூடு பட்டாலும், அழுத்தம் சட்டென்று இறங்கினாலும் பொங்கி வெளியே வரும். ஆகவே அழுத்தத்தை வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அதற்குத்தான் கெக்கிலிருந்து குழாய்க்குப் போகும் நீளமான டியூப். உள்விட்டம் 3/16 அங்குலம், நீளம் 3 மீட்டர், ரெகுலேட்டரில் அழுத்தம் 12 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு), பீரின் குளிர் 3 முதல் 4 டிகிரி. இந்தக் கணக்கு எனக்கு நன்றாக ஒத்துவருகிறது. டியூப் முழுவதையும் சுருட்டி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். குளிரைக் காற்றில் அளக்காதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரை இரவு முழுக்க உள்ளே வைத்து, காலையில் அதில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள்.

ஊற்றும்போது குழாயை ஒரேயடியாக முழுக்கத் திறக்க வேண்டும். பாதி திறந்தால் அந்த இடுக்கிலேயே நுரைத்துவிடும். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, முக்கால் நிரம்பியதும் நிமிர்த்தினால் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை நிற்கும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டியூபையும் குழாயையும் கழற்றி, பீர் லைனுக்கென்றே உள்ள திரவத்தால் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசுகிறேன். இதைத் தள்ளிப்போட்டால் முதல் மடக்கிலேயே புளிப்பு தெரிந்துவிடும்.