நம்ம பாலா?

பினாங்குப் பாலத்தின் நடுவில் நெரிசல். பக்கத்தில் ஒரு லோரி போனதும் கார் மெல்ல ஆடியது.

"நிலநடுக்கமாப்பா?" என்றாள் மகள்.

"லோரிம்மா."

சொல்லிவிட்டேனே தவிர, கண் பாலத்தின் தளத் துண்டுகளைச் சேர்க்கும் இரும்பு இணைப்பின் பல்வரிசையிலேயே நின்றது. 1985-இல் திறந்த பாலம். ஏறக்குறைய என் வயசு. எனக்கு முட்டி வலி வந்தாச்சு.

சுமத்ரா குலுங்கினால் இங்கே அடுக்குமாடியில் விளக்கு ஆடுகிறது. பழைய பாலத்தைச் சோதிக்கிறவர்கள் தார் ரோட்டோடு நிறுத்துவதில்லை. தூண் ஊன்றிய மண், கான்கிரீட்டுக்குள் துருவேறும் கம்பி, தளம் நழுவினால் விழாமல் தாங்கத் தூண் மேல் இடம் இருக்கிறதா, எல்லாம் பார்க்க வேண்டும்.

2014-இல் திறந்த இரண்டாம் பாலத்தில் தளத்துக்கு அடியில் இயற்கை ரப்பர் தாங்கிகள். நிலம் உதறினால் ரப்பர் நெளிந்து வாங்கிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்.

"பாலத்துக்கு அடியிலே நம்ம பாலா?" என்றார்.