மழை ஊர்ல மரக் கைப்பிடி மடக்குக் கத்தி: ஒப்பினெல்ல நான் பண்ண மாத்தங்கள்

மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல இருந்துகிட்டு பிரெஞ்சு மலை நாட்டுக் கத்திய பாக்கெட்ல வச்சுக்கிட்டு திரியுறவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன்னு நெனக்கிறேன். ஒப்பினெல் நம்பர் 8, கார்பன் ஸ்டீல். சவோய்ங்கிற பக்கத்துல 1890ல ஜோசப் ஒப்பினெல்னு ஒருத்தர் விவசாயிங்களுக்குன்னு செஞ்ச கத்தி, இன்னிக்கும் ஏறக்குறைய அதே அமைப்புதான், பீச் (beech) மரத்துல கைப்பிடி, ஒரு பிளேடு, ஒரு ரிவெட், தலையில சுத்துற ஒரு வளையம், அவ்ளோதான். பிளேடு எட்டரை சென்டிமீட்டர், கத்தி மொத்தமே 50 கிராம் கூட வராது, பாக்கெட்ல இருக்குறதே தெரியாது.

எனக்கு வேலை செம்பனை (பாமாயில்) மில் ஸ்டோர்ல. உர மூட்டை தையலப் பிரிக்கணும், பிளாஸ்டிக் பட்டிய அறுக்கணும், அட்டைப் பெட்டி, கயிறு, ஹோஸ்னு நாள் பூரா வெட்டுற வேலைதான். வீட்டுல அம்மாவுக்கு வாழை இலை, கோயில்ல திருவிழா வந்தா தோரணத்துக்கு குருத்தோலை கிழிக்குறது, அதுக்கெல்லாம் இந்த மெல்லிசான பிளேடு மாதிரி சொகுசு வேற எதுலயும் கிடையாது. தடிச்ச பிளேடு இருக்குற ‘டாக்டிக்கல்’ கத்திங்க பாக்க கெத்தா இருக்கும், ஆனா ஒரு மாங்காய நறுக்கச் சொல்லுங்க, நறுக்காது, பொளக்கும்.

பிரச்சினை நம்ம ஊர் ஈரம்தான். பீச் மரம் ஈரத்தக் குடிச்சா நல்லா உப்புற மரம், தேக்கோட ஒப்பிட்டா ரெண்டு மடங்குக்குக் கிட்ட ஆடும். பிளேடோட அடிப்பாகம் கைப்பிடி தலையில இருக்குற பிளவுக்குள்ளதான் உக்காந்திருக்கு, அந்த எடத்துல மரம் உப்புச்சுன்னா ரெண்டு பக்கமும் பிளேட கவ்விப் புடிச்சுக்கும். சாயங்கால மழையில மோட்டோவுல நனைஞ்சு வந்து பாத்தா நகம் பேந்தாலும் தொறக்காது. அதே கத்தி ஏர்கான் ஓடுற ஆபீஸ் ரூம்ல மேசை டிராயர்ல ரெண்டு மூணு நாள் கெடந்தா லூசாயி லொட லொடங்குது. இது அந்த ஊர்க்காரங்களுக்கும் தெரிஞ்ச சங்கதிதான், கைப்பிடியோட பின் முனைய மேசையில டொக்குனு தட்டி பிளேட வெளிய எடுக்குற வழக்கம் அங்கயே உண்டு. ஆனா அங்க அது எப்பயாவது, இங்க நித்தம்.

அதனால மொதல் வேலை தலைப் பகுதிதான். அந்தப் பூட்டு வளையம் 1955ல வந்தது, நம்பர் 6ல இருந்து மேல உள்ள சைசுக்குத்தான் இருக்கும், அத சர்க்ளிப் பிளையர் வச்சு மெதுவா விரிச்சா கழண்டு வரும். கண்ணாடி போட்டுக்குங்க, ஸ்பிரிங் ஸ்டீலு, எந்தப் பக்கம் பறக்கும்னு சொல்ல முடியாது. ரிவெட்ட நான் தொடல. பிளேட பாதி தொறந்து வச்சு, ஐஸ்கிரீம் குச்சியில 240 நம்பர் மணல்தாள சுத்தி பிளவோட ரெண்டு உள் சுவரையும் தேச்சேன். இதுல முக்கியமானது எப்ப தேய்க்குறோம்ங்கறதுதான். மரம் காஞ்சு இருக்கும்போது தேச்சா எவ்ளோ எடுக்கணும்னு தெரியாது. மழை நாள்ல, உப்பி நல்லா இறுகி இருக்கும்போதே தேச்சு, அப்பவே ஓரளவு ஓடுற மாதிரி கொண்டு வந்துட்டேன். காஞ்சா கொஞ்சம் லூசாகும், ஆகட்டும், தொறந்த பிறகு வளையத்த திருப்பிட்டா அது பிளேட நெருக்கி புடிச்சுக்கும், ஆட்டம் தெரியாது.

அடுத்தது எண்ணெய். அம்மா தேங்கா எண்ணெய் போதும்டான்னாங்க. பிளேடுக்கு அது சரிதான், சாப்பாட்டுக் கத்திக்கு அதவிட நல்ல எண்ணெய் கிடையாது. ஆனா மரத்துக்குள்ள ஊற வைக்க ஆகாது, ஏன்னா தேங்கா எண்ணெய் காயாது, எத்தன மாசமானாலும் எண்ணெயாவே இருக்கும். ஆளிவிதை எண்ணெய் காத்துல இருக்குற ஆக்சிஜன இழுத்துக்கிட்டு கெட்டிப்படும், அதத்தான் வாங்கினேன், ஓவியம் வரையுறவங்க சாமான் விக்கிற கடையில கெடைக்கும். கொஞ்சம் டர்பன்டைன் கலந்து தலைப்பக்கத்த மட்டும் முக்கி வச்சு, எடுத்துத் தொடச்சு, காய விட்டு, மறுபடி. நம்ம ஈரத்துல காயுறதுக்கு ரொம்ப நாள் புடிக்குது, அவசரப்பட்டா பிசுபிசுன்னு பாக்கெட் பூரா ஒட்டும்.

ஒரு விஷயம் கட்டாயம் சொல்லணும், இந்த எண்ணெய் தொடச்ச துணிய சுருட்டி குப்பையில போடாதீங்க. காயும்போது அதுவே சூடு ஏத்தும், சுருட்டுன துணிக்குள்ள சூடு வெளிய போக வழியில்லாம தானா தீப்புடிக்கும், கதை இல்ல, நெசம். தண்ணியில முக்கி விரிச்சுக் காயப் போட்டுட்டு அப்புறம் போடுங்க.

எண்ணெய் தண்ணிய முழுசா நிறுத்தாது, வேகத்தத்தான் கொறைக்கும். அதனால கடைசியா ரிவெட் பக்கம் வேசலின தடவி ஹேர் டிரையரால உருக்கி உள்ள எறக்கினேன். இப்ப மழையில நனைஞ்சாலும் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வச்சு தொறக்க முடியுது. அதுக்கு வசதியா கைப்பிடி ஓரத்துல அரை வட்டமா ஒரு வெட்டு, ரவுண்டு அரத்தால அஞ்சு நிமிஷ வேலை. பிளேடுல நகம் வச்சு இழுக்குறதுக்கு இருக்குற பள்ளத்த நம்பி இருக்க வேண்டியதில்ல. பண்ணதுலயே எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான், கம்பெனியே இப்படி செஞ்சு குடுத்திருக்கலாம் லா.

பிளேடு கதைக்கு வர்றேன். கார்பன் ஸ்டீலுனா நம்ம வேர்வையே போதும், ராத்திரி தொடைக்காம விட்டா காலையில செம்புள்ளி. அதுக்கு பட்டினா ஏத்தணும், அதாவது செந்துரு வர்றதுக்கு முன்னாடி நாமளே ஒரு கறுப்புப் படலத்த உண்டாக்கி வைக்குறது. பிளேட பாத்திரம் கழுவுற சோப்பால எண்ணெய் போகக் கழுவி, சூடான வினிகர்ல கொஞ்ச நேரம் வச்சு சாம்பல் நெறம் வந்ததும், கெட்டியா போட்ட ‘போ’ (BOH) கம்பெனி தேத்தண்ணியில, பாலும் சீனியும் போடாத தே-ஓ, ஒரு கிளாஸ் நிறைய ஊத்தி அதுல நிக்க வச்சேன். தேயிலையில இருக்குற டானினும் இரும்பும் சேந்து நீலங்கலந்த கறுப்பு வரும், பழைய காலத்து எழுதுற மையில இருந்த கறுப்பும் இந்த வகைதான். அதுக்கு மேல வாழைத்தண்டும் மாங்காயும் வெட்ட வெட்ட அதுவா கோடு கோடா வண்ணம் மாறுச்சு, அது தனி அழகு. ஒண்ணு மட்டும், தீட்டுன ஓரத்துல படலம் இருக்காது, துரு மொதல்ல அங்கதான் வரும், அதனால வேலை முடிஞ்சதும் தொடச்சு ஒரு சொட்டு தேங்கா எண்ணெய். புது பிளேடால வாழைப்பூ நறுக்குனா பூ கறுத்து இரும்பு வாசம் அடிக்கும், அம்மா அத திட்டிகிட்டேதான் சமைச்சாங்க. பட்டினா நல்லா ஏறின பிறகு வாசம் ரொம்ப கொறஞ்சிருச்சு.

தீட்டுறதுக்கு மாமாகிட்டதான் போனேன். அவர் பால் மரம், அதாவது ரப்பர் மரம், சீவுனவர். பட்டைய மயிரளவுக்கு சீவணும், உள்ள மரத்துல காயம் படக்கூடாது, பட்டா அந்த எடத்துல பட்டை முண்டு முண்டா வளரும், அப்புறம் சீவ முடியாது. அதனால அவங்களுக்கு கத்தி தீட்டுறது பல் தேய்க்குற மாதிரி, தினம். என் கத்திய வாங்கி திருப்பித் திருப்பி பாத்துட்டு, “என்னடா தகரம் மாதிரி இருக்கு”ன்னாரு. கல்லுல நாலு இழுப்பு இழுத்து ஈரக் காகிதத்துல வச்சாரு, சத்தமே இல்லாம எறங்குச்சு. நான் 1000 நம்பர் கல்லுல ஒரு பக்கத்துக்கு சுமார் 20 டிகிரி வச்சு தீட்டுவேன், அவருக்கு டிகிரி எல்லாம் கெடையாது, கைதான்.

பிளேடோட கூர் நுனியயும் கொஞ்சம் அரத்தால எறக்கிட்டேன். மூட்டைக்குள்ள இருக்குறத குத்தாது, பாக்க வேலைக் கத்தி மாதிரியும் இருக்கும். இங்க 1958ஆம் வருஷத்து சட்டம் ஒண்ணு இருக்கு, பொது இடத்துல முறையான காரணம் இல்லாம ஆயுதம்னு சொல்லத்தக்க எதையும் வச்சிருந்தா குத்தம், ஜெயிலு வரைக்கும் போகும். நான் வேலைக்கும் கோயில் வேலைக்கும்தான் எடுத்துட்டுப் போவேன், ராத்திரி ‘மாமாக்’ கடைக்கு (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) போகும்போது வீட்டுலயே இருக்கும். ஒரு கையால டக்குனு தொறக்குற மாதிரி பிளேடுல குமிழ் வைக்குறதெல்லாம் சிலர் பண்றாங்க, எனக்கு அது வேணாம்.

விக்டோரினாக்ஸ்ங்கிற சுவிஸ் கத்தி வாங்கியிருந்தா இவ்ளோ பாடு இல்லைன்னு நண்பன் சொன்னான். உண்மைதான், அதுல அலுமினிய கைப்பிடி போட்ட மாடல் உப்பாது, பிளேடு துருப்புடிக்குறது அபூர்வம், ஆனா அதுல நமக்கு செய்ய என்ன இருக்கு? அதுக்கு ஜப்பான் ஹிகோனோகாமி மடக்குக் கத்தி மேல. மிக்கிங்கிற ஊர்ல செய்யுறது, மடிச்ச பித்தளைத் தகடுதான் கைப்பிடி, பூட்டு கெடையாது, வெளிய நீட்டிகிட்டு இருக்குற சின்ன வாலக் கட்டை விரலால அமுக்கிப் புடிச்சுகிட்டு வெட்டணும். தகடு ஈரத்துக்கு அசையாது, பிளேடு மட்டும் கார்பன், அதுக்குத்தான் தே-ஓ இருக்கே. ஒண்ணு ஆர்டர் போட்டிருக்கேன்.

அது வர்றதுக்குள்ள ஒப்பினெல் ரிவெட்ட டிரில் பண்ணி எடுத்துட்டு பலா மரத்துல புது கைப்பிடி செஞ்சு பாக்கலாம்னு இருக்கு, வீட்டுக்குப் பின்னால வெட்டுன பலாக்கட்டை ஒண்ணு நல்லா காஞ்சு கெடக்கு. பித்தளைக் கம்பி சரியான சைசுல ஹார்ட்வேர் கடையில கெடைக்கல, கடை முதலாளி தவ்கே ஈப்போல கேட்டு சொல்றேன்னாரு. கம்பி வந்தா அளவெல்லாம் எழுதுறேன். மாமாவும் தனக்கு ஒண்ணு வாங்கச் சொல்லி இருக்காரு, நம்பர் 6 போதுமாம், துருப்புடிக்காதது வேணாமாம்.